நல்ல செல்களுக்கு ஒரு பாட்டில்

லீலாவதி இருபத்தாறு வருடமாகப் புற்றுநோயை வளர்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலிலிருந்து டெல்லிக்கு வருகிற சொந்தக்காரர்கள் "உனக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் சொல்லுவாள். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். பிறகுதான், போனால் போகிறதென்று விளக்குவாள்: தெற்கு டெல்லியில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், அங்கே மனித செல்களை வளர்க்கும் அறை, அந்த அறைக்கு அவள் டெக்னிக்கல் அசிஸ்டன்ட்.

விலங்கியலில் பி.எஸ்ஸி., கல்லூரியில் முதல் மார்க். எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த மாதத்தில் கல்யாணம் முடிந்து, மத்திய அரசு வேலையில் இருந்த பாலசுப்ரமணியத்தோடு டெல்லிக்கு ரயிலேறினாள். அன்றிலிருந்து கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ், மெட்ரோ, செல் அறை. இதுதான் வாழ்க்கை.

செல் வளர்ப்பதைப் பெரிய வித்தை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பத்தேழு டிகிரி சூடு, இளஞ்சிவப்புத் திரவம், இரண்டு நாளுக்கொரு முறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது. ஞாயிற்றுக்கிழமை என்று செல்லுக்குத் தெரியாது. தீபாவளி அன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை காய்வதற்குள் வந்து சாப்பாடு போட்டுவிட்டுப் போனவள் அவள். மற்றவர்கள் கையில் வட்டத்தட்டின் அடியில் ஒட்டாமல் மிதந்து செத்துப்போகும் செல்கள், லீலாவதி கை பட்டால் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். நிலையத்தில் எல்லா மாடியிலும் இது பிரசித்தம்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் கல்யாணராமன் செல் அறையின் கண்ணாடிக் கதவை விரலால் தட்டி, "லீலா மேடம், இத வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். அவள் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "இது பட்டினி கெடக்கு சார்" என்றோ, "கூட்டம் ஜாஸ்தியாயிட்டு, பிரிச்சு வைக்கணும்" என்றோ சொல்லுவாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டுவார். கட்டுரைகள் வெளிவரும்போது அவள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் பொடி எழுத்தில், ஏழெட்டுப் பேரோடு இருக்கும். அதுவும் எல்லாத் தடவையும் இல்லை. அந்த விரல் தட்டல் இருந்தவரை லீலாவதிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

போன வருடம் ஜூலையில் அனன்யா வந்தாள்.

இருபத்தொன்பது வயது, டாக்டர் பட்டம். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். அப்பா புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மகளைக் கான்வென்ட்டில் போட்டுவிட்டார். அதனால் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. முதல் நாளே செல் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இவங்க ரொம்ப க்யூட்டா இருக்காங்க" என்றாள். அவள் சொன்னது செல்களை. லீலாவதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் "அதுக" என்று கூப்பிட்டதை நேற்று வந்தவள் "இவங்க" என்று கூப்பிட்டதில் என்னவோ குத்தியது.

குத்தியது வளர்ந்தது. கல்யாணராமன் கண்ணாடிக் கதவைத் தாண்டி நேராக அனன்யாவின் கம்ப்யூட்டருக்குப் போக ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து யாராவது வந்தால் முன்பெல்லாம், "இது லீலா மேடம் வளர்த்த செல்" என்று காட்டுவார். இப்போது, "இது அனன்யாவோட டேட்டா" என்றார். செல் இல்லாமல் டேட்டா எங்கிருந்து வரும்? இதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் பாலசுப்ரமணியம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "நம்ம மக பேரக்கூட இந்த வீட்டுல இத்தன தடவ சொன்னதில்ல. வந்ததும் அனன்யா, சோறு போடையில அனன்யா. என்ன, தத்து எடுக்கப் போறியா?"

"சும்மா இருங்க. ஒரு தட்டுல செல்ல ஒட்ட வைக்கத் தெரியாது அவளுக்கு. அவளப் போயி தலையில தூக்கி வச்சு ஆடுதாரு."

"உனக்கு எரியுது" என்றார் அவர், மோர் ஊற்றிக்கொண்டே.

அவள் மிச்ச மோரை அவருக்கு ஊற்றாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அனன்யா எடுத்திருந்த வேலை இதுதான். மனித செல் ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணிலும் அதேதான், குடலிலும் அதேதான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்த செல்லில் எவை விழித்திருக்கின்றன, எவை தூங்குகின்றன என்பதில்தான் கண்ணுக்கும் குடலுக்கும் வித்தியாசம். கேராஸ் என்று ஒரு மரபணு உண்டு. அதிலிருந்து உண்டாகும் புரதம் செல்லின் மேல்சவ்வுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து "வளர்" என்று செய்தி வந்தால் உள்ளே தெரிவித்துவிட்டு அடங்கிவிடும். வீட்டுக் காலிங் பெல் மாதிரி. அந்த மரபணுவை எழுதியிருக்கும் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறிப்போனால், அமுக்கிய பெல் அமுங்கியபடியே மாட்டிக்கொள்ளும். வாசலில் ஆளே இல்லை, பெல் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் வீட்டில் யாருக்குத் தூக்கம்? தூங்க வேண்டிய மரபணுக்கள் எழுந்துவிடும், விழித்திருந்து காவல் காக்க வேண்டியவை வாயை மூடிக்கொள்ளும். செல் நிற்கத் தெரியாமல் பெருகும். புற்றுநோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏதோவொரு கோளாறில்தான் தொடங்குகிறது.

ஒரே வகை மார்பகச் செல்லை இரண்டு வரிசையாக வளர்க்க வேண்டும். ஒரு வரிசை, பழுதில்லாத நல்ல செல்கள். இன்னொரு வரிசையில் அதே செல்கள், கேராஸில் மட்டும் அந்த ஒரு எழுத்து மாறியவை. மூன்று வாரம் கழித்து இரண்டையும் உடைத்து, எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு எழுத்து உள்ளே என்னென்ன அட்டகாசம் பண்ணியது என்பது தெரிந்துவிடும். எண்ணுவது அனன்யா, வளர்ப்பது லீலாவதி.

இங்கேதான் அது நடந்தது. செல்லுக்குப் போடும் திரவத்தில் சீரம் கலக்க வேண்டும். கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்து பாட்டிலில் வருவது. ஒரே தடவையில் தயாராகி ஒரே நம்பரோடு வரும் பாட்டில்கள் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் செல்கள் கொழுக்கும், இன்னொன்றில் வாடும். நல்ல லாட் கிடைத்தால் உலகத்தில் எந்தச் செல் அறையிலும் ஒரு பாட்டிலைப் பதுக்கி வைப்பார்கள். லீலாவதியும் ஃப்ரீசரின் அடித்தட்டில், ஐஸ் பைகளுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல் ஒன்றை வைத்திருந்தாள். செப்டம்பரில் பழைய லாட் தீர்ந்து புதிய லாட் வந்தபோது அவள் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போனது.

நல்ல செல்கள் நோஞ்சான்கள். இது அந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். புற்றுச் செல்லுக்கு எதைப் போட்டாலும் தின்று வளரும். நல்லது, கொஞ்சம் சூடு குறைந்தால்கூடப் படுத்துவிடும். பழகாத சீரத்தை அதுகளுக்குப் போட லீலாவதிக்கு மனசு வரவில்லை. பதுக்கின பாட்டிலை நல்ல செல்களுக்கு ஊற்றினாள். புதியதைக் கெட்டதுகளுக்கு ஊற்றினாள். ரெஜிஸ்டரில் இரண்டு லாட் நம்பரையும் தேதி போட்டு ஒழுங்காக எழுதினாள். இரண்டு வரிசைக்கும் ஒரே பாட்டில் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நோஞ்சானுக்கு நல்ல சாப்பாடு என்ற ஒரே நினைப்பில் அது அன்றைக்கு உறைக்கவில்லை.

நவம்பரில் அனன்யாவின் கணக்கு முடிந்தது. ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுச் சுவரில் படம் போட்டாள். சிவப்பும் நீலமுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மரபணுக்கள் மாறியிருந்தன. கல்யாணராமனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை வெளி ஊர்களிலிருந்து நிபுணர்கள் வரும் ஆய்வுக் கூட்டம். அதில் அனன்யாதான் பேச வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். சோன்பப்டி டப்பா ஒன்று கைமாறி வந்தது. லீலாவதி ஒரு துண்டை எடுத்து கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். அனன்யாவின் வெற்றியை மெல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அனன்யா ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினாள். "இந்த ஜீன் எல்லாம் நார்மலா சீரம் ஜாஸ்தி போட்டாதான் எழுந்திருக்கும். இங்க தானாவே எழுந்திருக்கு பாருங்க. கேராஸ் எவ்ளோ சத்தம் போடுதுன்னு இதுலயே தெரியுது."

லீலாவதிக்கு அப்போதுதான் அந்த இரண்டு பாட்டிலும் ஞாபகம் வந்தன. சத்தம் போட்டது கேராஸ் மட்டுமல்ல. அவள் ஊற்றிய புதிய சீரமும் சேர்ந்து பெல்லை அமுக்கியிருக்கிறது. அந்தச் சிவப்புக் கட்டங்களில் எத்தனை மரபணுக் கோளாறால் வந்தவை, எத்தனை பாட்டிலால் வந்தவை என்று கடவுளுக்கே தெரியாது.

உடனே எழுந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்கூட. அதற்குள் கல்யாணராமன், "அனன்யா, யூ ஹேவ் கோல்டன் ஹேண்ட்ஸ்" என்றார். தங்கக் கையாம்! ஒரு செல்லைத் தொடாத கை! லீலாவதி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பயந்தாள்: இருபத்தாறு வருடத்தில் கறை படாத பெயர். இன்னொருத்தி, சொல்ல வெட்கம், ஆனந்தப்பட்டாள். வியாழக்கிழமை வரட்டும். வருகிற நிபுணர்களில் ஒருவராவது, "இரண்டுக்கும் ஒரே சீரமா?" என்று கேட்காமல் விடமாட்டார். மேடையில், மைக்குக்கு முன்னால், அந்தத் தங்கக் கை நடுங்கும். காலையில் புகைமூட்டத்தில் முகமூடி போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு நடக்கும்போது லீலாவதி இந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். ஸ்டேஷன் வருவதற்குள் இரண்டு தடவை ஓடிவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன நேரம் ரெஜிஸ்டரை எடுத்தாள். கேள்வி வந்தால் முதலில் ரெஜிஸ்டரைத்தான் தூக்குவார்கள். அதில் இரண்டு லாட் நம்பரும் ஒன்றாக இருந்துவிட்டால் செல் அறைமேல் பழி இல்லை. எண்ணியவள்தான் எங்கோ கோட்டைவிட்டாள் என்று ஆகிவிடும். இரண்டுக்கும் கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம், அங்கே 1-ஐ 7 ஆக்கினால் போதும். பேனா மூடியைத் திறந்து பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த நம்பரின் கீழே பச்சை மையில் ஒரு கோடு இருந்தது. ஓரத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி. பச்சை மையில் எழுதுகிறவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! நாலு நாளாகத் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று இளித்துக்கொண்டு போயிருக்கிறாள். நிச்சயம் மேடையிலேயே போட்டுக்கொடுப்பாள் என்று லீலாவதி முடிவு செய்தாள். அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பாள் என்பதால் அந்த முடிவில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பேனாவை மூடிவிட்டு நேராகக் கல்யாணராமன் அறைக்குப் போனாள். அந்தப் பெண் சொல்வதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

"சார், ஒரு விஷயம். செப்டம்பர்ல சீரம் போட்டதுல—"

"தெரியும் மேடம். உக்காருங்க" என்றார் அவர். "அனன்யா வெள்ளிக்கிழமையே வந்து சொல்லிட்டா. லாட் நம்பரை செக் பண்ணாதது என் தப்பு, பேச்சை நிறுத்திடுங்கன்னு மெயிலும் போட்டுட்டா. வியாழக்கிழமை வேற ஒருத்தரைப் பேச வைக்கறோம். அவ ஜனவரியில பேசட்டும். எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும்."

"எம் பேரச் சொன்னாளா?"

"இல்லையே. முழுக்கத் தன் தப்புன்னுதான் சொன்னா. பரவால்ல, நல்ல பொண்ணு."

லீலாவதிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பெயர் தப்பியது, வேலை தப்பியது. ஆனால் வந்தது என்னவென்றால், ஜூலையிலிருந்து இதுவரை வராத அளவுக்கு ஒரு பொறாமை. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாள் அனன்யா, சாரை எடுத்துக்கொண்டாள், மேடையை எடுத்துக்கொண்டாள். இப்போது ஒப்புக்கொள்வதிலும் முந்திக்கொண்டாள். போதாததற்கு லீலாவதியின் தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நல்ல பெண் ஆகிவிட்டாள்.

"அது என் தப்பு சார்" என்றாள். குரல் ஏறிவிட்டது. "போட்டது நான். தெரிஞ்சேதான் போட்டேன். அவ எதுக்கு எடுத்துக்கிடணும்?"

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "தப்புக்குக்கூடப் போட்டியா மேடம்?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அனன்யா செல் அறையில் இருந்தாள். திரும்பச் செய்வதற்காக உறைய வைத்த செல்களை எடுத்து, அவளே தட்டில் போட முயன்றுகொண்டிருந்தாள். லீலாவதி கதவைச் சாத்தினாள்.

"நீ யாரு என் தப்ப எடுத்துக்கிட?"

அனன்யா திரும்பினாள். "ஆன்ட்டி, அது என் தப்புதான். எக்ஸ்பெரிமெண்ட் என்னோடது. ரெஜிஸ்டர்ல நீங்க கரெக்டாதான் எழுதியிருக்கீங்க. நான்தான் பாக்கல."

"எழுதினா சரியாப் போச்சா? ரெண்டுக்கும் ஒரே பாட்டில் போடணும்னு எனக்குத் தெரியாதா? நல்லதுக நோஞ்சானா கெடக்கேன்னு நான்தான் மாத்திப் போட்டேன்."

"தெரியும். அதான் உங்க பேரைச் சொல்லல. நீங்க ஹர்ட் ஆவீங்கன்னு..."

அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. "நான் ஒண்ணும் ஹர்ட் ஆகல" என்றாள் லீலாவதி. "எனக்கு உம்மேல பொறாம."

அனன்யா விழித்தாள். "பொறாமைன்னா?"

தப்பிக்க நல்ல இடம். கோவம் என்று சொல்லியிருக்கலாம், ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். கரோல் பாக் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது! ஆனால் ஒரு தடவை வெளியே வந்ததை உள்ளே தள்ள லீலாவதியால் முடியவில்லை.

"ஜலன்" என்றாள் இந்தியில். "உம்மேல எனக்கு ஜலன்."

அனன்யாவின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "எப்போலேர்ந்து?"

"நீ வந்த அன்னைலேருந்து. சார் முன்னால கதவத் தட்டுவாரு. இப்போ தட்டுறதில்ல. நானும் பி.எஸ்ஸி. பஸ்ட் மார்க்குதான். படிச்சிருந்தா அந்தக் கம்ப்யூட்டர் முன்னால நான் உக்காந்திருப்பேன். வியாழக்கிழமை நீ மேடையில மாட்டிக்கிட்டு முழிக்கணும்னு ஒரு வாரமா வேண்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ரெஜிஸ்டர் நம்பரத் திருத்தக்கூடப் போனேன். போதுமா? இப்போ சொல்லு, நான் ஹர்ட் ஆவேன்னு."

அனன்யாவுக்குக் கண் கலங்கியிருந்தது, பயந்த மாதிரியும் இருந்தது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"ஜனவரியில பேசும்போது இந்த சீரம் மேட்டர் சொல்லியே ஆகணும்" என்றாள் கடைசியில். "யார் போட்டாங்கன்னு சொல்லமாட்டேன் ஆன்ட்டி. ப்ராமிஸ்."

"சொல்லணும்."

"என்ன?"

"எம் பேரச் சொல்லணும். லீலாவதின்னு முழுசா. போட்டது அவதான்னு சொல்லு. நகரு, அந்தத் தட்ட இங்க குடு. நீ போட்டா ஒண்ணும் ஒட்டாது."

அடுத்த வாரம் இரண்டு வரிசைக்கும் ஒரே புதிய பாட்டிலிலிருந்து சீரம் ஊற்றினாள் லீலாவதி. நல்ல செல்கள் முதல் சில நாள் சுணங்கின, கொஞ்சம் செத்தன. அவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே கிடந்தாள். பிறகு ஒட்டிக்கொண்டன. அனன்யா திரும்ப எண்ணினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்று நாற்பதாகச் சுருங்கியது. மற்றதெல்லாம் பாட்டில் செய்த வேலை. ஆனால் அந்த ஐந்நூற்று நாற்பதை இனி யாரும் அசைக்க முடியாது. கேராஸை அடக்கும் மருந்தைப் போட்டுப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின.

ஜனவரியில் பேச்சு. லீலாவதி பட்டுப்புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாலசுப்ரமணியம்கூட அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அனன்யா பத்து நிமிடம் பேசியபின் சீரத்துக்கு வந்தாள். "எங்கள் செல்களை வளர்ப்பவர் லீலாவதி. முதல் தடவை நல்ல செல்களுக்குத் தனி பாட்டில் கொடுத்தவர் அவர்தான். அது தவறு என்று தானே வந்து சொன்னவரும் அவர்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கடைசி வரிசையைக் கைகாட்டினாள். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அந்த அரங்கில் அவள் பெயர் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

லீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காது சூடாகிவிட்டது. அதற்குள் அனன்யா அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். சிவப்பும் நீலமும் திரை முழுக்க வந்தன, எல்லாத் தலையும் முன்பக்கம் திரும்பிவிட்டது.

"மூணு வாக்கியம்" என்றாள் லீலாவதி, பக்கத்திலிருந்த கணவரிடம். "இன்னும் ரெண்டு சேத்துச் சொன்னா இவளுக்கு என்ன கொறஞ்சிரும்?"